ரேட் முடிந்த பிறகு காபி

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு வருடம் பர்சேஸ் மேனேஜராக இருந்தேன். ஊசியிலிருந்து துடைப்பம் வரை வாங்குகிற வேலை. யாரையும் குணப்படுத்தாமல் அங்கே சம்பளம் வாங்கியவர்கள் பலர் உண்டு. ஷீல்டும் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம். விற்க வருகிறவருக்கு ரேட் முடிந்த பிறகுதான் காபி. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன சொத்து. முதலிலேயே காபி கொடுத்தால் ஆள் விருந்தாளி ஆகிவிடுவார், விருந்தாளியிடம் எப்படிப் பேரம் பேசுவது என்பது அவர் சித்தாந்தம். என் பங்குக்கு நான் ஒன்று சேர்த்தேன்: பதினொரு மணிக்கு வரச்சொன்னவரை ஒரு மணிக்கு உள்ளே கூப்பிடுவது. நட்சத்திர ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் கற்ற வித்தை. எதிராளி தளர்வதன் அறிகுறிகள் என்று ஒரு பட்டியலும் தந்தார்கள். நெற்றியில் வேர்வை, கை நடுக்கம், சொன்னதையே திரும்பக் கேட்பது. அதை லேமினேட் செய்து டிராயரில் வைத்திருந்தேன். கல்யாண போட்டோவுக்குக்கூட அந்த மரியாதை செய்ததில்லை.

ஆதம்பாக்கத்தில் எட்டு தையல் மெஷின் வைத்திருந்த ஒருவர் எங்களுக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுத்துவந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வருட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தவரையும் ஒரு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டேன். அந்த எட்டு மெஷினும் எங்கள் விரிப்பை நம்பித்தான் ஓடின. அது இருவருக்கும் தெரியும். விரிப்பு ஒன்றுக்கு முந்நூற்றுப் பத்து கேட்டார். நியாயமான ரேட். நான் இருநூற்று அறுபது என்றேன். அது சும்மா ஆரம்பம். முந்நூறில் முடியும் என்பது என் கணக்கு. அவருக்கு அடக்க விலையே இருநூற்று எண்பது.

“துணி மட்டும் எவ்ளோ ஆவுது தெரியுமா சார்? நான் இன்னா பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க.”

“மார்க்கெட்ல வேற ஆள் இருக்காங்களே.”

அரை மணி நேரம் இப்படியே போனது. ஏசி அறையில் அவருக்கு வேர்த்தது. பேனா விரலில் நிற்கவில்லை.

“எவ்ளோ சொன்னீங்க சார்?”

“இருநூத்தி அறுபது.”

“எவ்ளோ சொன்னீங்க?”

பட்டியல் மனதில் ஓடியது. மூன்றுக்கு மூன்று. ஊரூர் குப்பத்திலிருந்து வந்து காபி போட்டுத் தரும் பேன்ட்ரி அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையாலேயே போகச் சொன்னேன்.

“சரி சார், போட்டுக்குங்க” என்றவர், தாளில் இருநூற்று அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. நான் பெல் அடித்தேன்.

காபியோடு வந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். “சக்கரை எறங்கிப்போச்சா நைனா?”

அவர் தலையாட்டினார். அக்கா மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு மாடி எறங்குனா சக்கர டாக்டரு கீறாரு. இங்க ஒருத்தருக்கும் கண்ணு தெர்ல.”

பதினொரு மணி என்று நம்பி, காலையில் இன்சுலின் போட்டு இரண்டு இட்லி தின்றுவிட்டு வந்திருக்கிறார். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது. தாளை எடுத்துப் பார்த்தார்.

“நானா சார் எழுதினேன்?”

“ஆமா.”

கேட்டால் கிழித்துவிடுவதாக இருந்தேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை. “எழுதியாச்சு, இன்னா பண்றது” என்று தாளை என் பக்கம் தள்ளினார். நான் அதில் பஞ்ச் போட்டு ஃபைலில் கோத்தேன்.

அந்த வருடம் சிக்கனத்துக்கான ஷீல்டு எனக்கு. அவர் ஒரு விரிப்பில்கூட அங்குலம் குறைக்கவில்லை. டேப் வைத்து அளந்தேன். குறைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதலில் சரக்கு வேனில் வந்தது, பிறகு ஆட்டோவில், கடைசியில் ஸ்கூட்டரில் மூட்டை கட்டி அவரே கொண்டுவந்தார். வருட முடிவில் புதுப்பிக்கலாமா என்று போன் செய்தேன்.

“தைக்க மெஷின் இல்ல சார். வித்துட்டேன்.”

அடுத்து வந்தது ஒரு பெரிய கம்பெனி. முந்நூற்று நாற்பது கேட்டார்கள். அவர்களுடைய மேனேஜருக்குப் பின்னால் துணி சாம்பிளைச் சுமந்துகொண்டு ஆதம்பாக்கத்துக்காரர் வந்தார், அங்கே கட்டிங் மாஸ்டராக. சொன்ன நேரத்துக்கு உள்ளே கூப்பிட்டேன். உட்கார்ந்ததும் பெல் அடித்தேன். அக்கா இரண்டு காபி வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் குடிக்க ஆரம்பித்தார்.

கட்டிங் மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். டம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“மொதல்ல ரேட் முடியட்டும் சார்.”