மூன்றாம் அங்கத்தில் காணாமல் போன மணப்பெண்

ரேமுஸ் யார் என்று இருபத்தாறு வயது வரை ரேமுஸுக்கே பிடிபடவில்லை. கல்யாண வீடுகளில் அவனை நாடகக்காரன் என்றார்கள். நாடக அரங்கிலோ, "அந்த அக்கார்டியன் பையன் வந்திருக்கான்" என்றார்கள். இரண்டு இடத்திலும் குரலில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

நுச்செட் கிராமத்தில் அவன் அப்பா ஃபனிக்காவின் வயலினும் சித்தப்பா ஜெலுவின் கிளாரினெட்டும் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. ரேமுஸ் எழுத்துக்கூட்டக் கற்பதற்கு முன்பே அக்கார்டியனைத் தோளில் மாட்டிவிட்டார்கள். பிறகு கிரயோவா நகரத்துக்கு நாடகம் படிக்கப் போனான். வாரமெல்லாம் எழுதினான், சனிக்கிழமையானால் பஸ் ஏறி வந்து வாசித்தான். போகப் போக எல்லாம் குழம்பியது. வசனம் எழுதினால் ஆட்டத் தாளம் வந்து விழுந்தது. வாசிக்கும்போதோ, மாப்பிள்ளையின் அம்மா சம்பந்தியம்மாவிடம் என்ன முணுமுணுக்கிறாள் என்று காது அங்கே போனது. அப்பா வயலின் வில்லாலேயே முதுகில் ஒரு குத்து வைப்பார்.

"டேய், காது பாட்டுலயா, பக்கத்து மேசையிலயா?"

"ரெண்டுலயும்தான்பா."

"அப்ப ரெண்டுமே உருப்படாது."

அது உண்மைதான் என்று அவனுக்கும் தெரியும். அக்கார்டியனை விடத்தான் முடிவு செய்தான். ஆனால் அதை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே! எத்தனையோ தடவை வாயைத் திறந்தான். திறந்த வாயால் இன்னும் கொஞ்சம் சூப் கேட்டான். கடைசியில் கோழைகள் செய்யும் வேலையைச் செய்தான். நாடகமாக எழுதினான். இரண்டு அங்கம் முழுக்கக் கல்யாணக் கும்மாளம். மூன்றாம் அங்கத்தில், வயலின்காரரிடம் மகன், "இனி உங்களோடு வாசிக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் மற்றதெல்லாம்.

நகரத்து அரங்கு ஒன்று நாடகத்தை எடுத்துக்கொண்டது. ஞாயிறு மாலை முதல் காட்சி. அப்பாவுக்கு ஒரு டிக்கெட் அனுப்பினான். அப்பா வாத்தியக் குழுவையும் பாதிச் சொந்தத்தையும் வேனில் அள்ளிப்போட்டு வந்து, முன்வரிசை முழுக்க உட்காரவைத்தார்.

இடைவேளையில் ரேமுஸ் திரையோரம் நின்று எட்டிப் பார்த்தான். கூடத்தில் அப்பா, மணப்பெண்ணாக நடிக்கும் ஸ்மாரண்டாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். பிறகு தன் பிளம் சாராயக் குப்பியை அவளிடம் நீட்டினார். உபசாரம் என்று நினைத்துக்கொண்டான், அப்பாவி.

மூன்றாம் அங்கம் ஆரம்பித்தது. மணப்பெண் மேடை நடுவே வந்து நின்றாள். முன்வரிசையிலிருந்து ஜெலு சித்தப்பாவும் இரண்டு மச்சான்களும் மேடையில் ஏறி, அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியே போயேவிட்டார்கள்.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் விளையாட்டாகப் பெண்ணைத் திருடாமல் இருந்தால்தான் அதிசயம். கேட்டதைக் கொடுத்துப் பெண்ணை மீட்கும்வரை அடுத்த காரியம் நகராது. இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரங்கமே கைதட்டியது. மாப்பிள்ளையாக நடித்தவன் மட்டும் வெளிறிப்போனான்.

அப்பா எழுந்தார். "பொண்ணு எங்ககிட்ட இருக்கு!"

"எ... என்ன வேணும்?"

"உன்கிட்ட ஒண்ணும் வேணாம் தம்பி. எழுதினவனை வரச்சொல்லு."

ரேமுஸ் மேடைக்கு வந்தான். வேனிலிருந்து அவனுடைய அக்கார்டியன் அதற்குள் வந்துசேர்ந்திருந்தது.

"அப்பா, நாடகம் நடந்துக்கிட்டிருக்கு!"

"நடக்கட்டும், யாரு வேணாங்கறா? வாசி. பொண்ணை விட்டுடறோம்."

வாசித்தான். வேறென்ன செய்ய? அப்பாவின் வயலின் சேர்ந்துகொண்டது. ஒரு பாட்டு ஐந்தானது. ஜனம் கைகோத்து நாற்காலிகளுக்கு நடுவே ஆட ஆரம்பித்தது. ஸ்மாரண்டா வாயில் கேக் துணுக்கோடு திரும்பி வந்தபோது, மூன்றாம் அங்கம் யாருக்கும் ஞாபகமில்லை. திரையை இறக்கிவிட்டார்கள். அரங்கத் தலைவர் ஓடிவந்து ரேமுஸின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "அந்தக் கடத்தல் காட்சி! அபாரம்யா! தினமும் வேணும்!" நன்றி சொல்வதா, அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்பா வேனருகே வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் நாடகத்தையே கெடுத்துட்டீங்க!"

"அப்படி ஒண்ணும் தெரியலையே. எல்லாரும் கைதட்டினாங்க."

"கடைசி அங்கம் உங்களுக்காக எழுதினதுப்பா!"

"தெரியும். அந்தப் பொண்ணு சொல்லிட்டா." அப்பா நிமிரவில்லை. "எவனோ ஒரு நடிகன் சொல்லி, ஊரே பாக்க நான் அதைக் கேக்கணுமாடா? இப்ப நீயே சொல்லு."

பார்த்துப் பார்த்து எழுதிய வசனத்தில் ஒரு வரிகூட ரேமுஸுக்கு நினைவு வரவில்லை.

"இனிமே வரமாட்டேன்பா. சனிக்கிழமை."

"சரி," என்றார் அப்பா. வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். "அதான் கடைசியா ஒருதடவை கூட நின்னு வாசிக்க வெச்சேன்."

வேன் கிளம்பிப் போனது. அக்கார்டியன் ரேமுஸின் தோளிலேயே இருந்தது. அப்பா அதை மறந்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே விட்டுப் போனாரா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.