நாற்பது சென்டிமீட்டர்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர்தான். காலையில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் குச்சி விட்டு உயரம் பார்த்து, எத்தனை லோடு வேண்டும் என்று லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு அவருக்கு மெசேஜும் அனுப்ப ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எந்த மொழியிலும் முடிகிற வேலை. நான் ஹாஸ்கலில் எழுதினேன். எல்லாவற்றையும் கணிதச் சார்புகளாகவே எழுதச் சொல்லும் மொழி அது. அதில் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு திமிர்.

நாம் அடிப்பதை எண்ணாக மாற்ற அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வந்தது எண்தான் என்று நம்பிவிடும். இல்லையென்றால் புரோகிராம் அங்கேயே செத்துவிடும். இன்னொன்று, எண் வராமலும் போகலாம் என்று எதிர்பார்க்கும். மறுபடி கேட்க இடம் கொடுக்கும். அதற்குக் கூடுதலாகச் சில வரிகள் எழுத வேண்டும். சோம்பேறித்தனத்தில் முதல் வழியையே எடுத்தேன்.

அந்த வாரம்தான் இரண்டாம் மாடி டீச்சர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனார்; தினமும் உயரம் பார்த்து அடிப்பது இனி அவர் வேலை. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். லிஃப்டில் போகிற போக்கில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்: “உயரத்த அடிச்சு என்டர் தட்டுங்க டீச்சர், அவ்ளோதான்.”

ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அவர் நாற்பது என்று அடித்து, பக்கத்தில் சென்டிமீட்டர் என்றும் அடித்திருக்கிறார். அலகு எழுதாத விடைக்கு அரை மார்க் குறைத்தே பழகிய கை அது. புரோகிராம் ஓர் ஆங்கில வரியைத் துப்பிவிட்டு நின்றது; லாரிக்காரருக்கு மெசேஜ் போகவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்து அவர் போய்விட்டார். பத்து மணிக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. லாரிக்காரருக்குப் போன் போட்டால், சாயங்காலம்தான் முடியும் என்றுவிட்டார்.

டீச்சர் திரும்பி வந்தபோது கார் பார்க்கிங்கில் கூட்டம். “ஒரு லோடு சொல்றதுக்கு என்ன டீச்சர் கஷ்டம்?” என்றார் தலையில் ஷாம்பு காய்ந்துபோன ஒருவர். நான் சங்கத்து லேப்டாப்பைத் திறந்து திரையைப் பார்த்தேன். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“நம்பர் மட்டும் போடச் சொல்லியிருந்தேனே டீச்சர்.”

பச்சைப் பொய்.

“அப்படியா சொன்ன தம்பி? அப்போ என் தப்புதான். வயசாயிடுச்சு பாரு.”

சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு ஒவ்வொரு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக் கதவையும் தட்டினார். “உன் புரோகிராமக் கெடுத்துட்டேன்ப்பா, சாரி” என்றார். பரவாயில்லை என்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன்.

அன்று மாலையே புரோகிராமை இரண்டாவது வழிக்குத் திருத்திவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்பார்களே.

ஒரு மாதம் கழித்து டீச்சரை லிஃப்டில் பார்த்தேன். “தம்பி, இப்பல்லாம் வெறும் நம்பர்தான் அடிக்கிறேன். ஒரு நாள்கூடத் தப்பு பண்ணல” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

வாய் கூசாமல் அவருக்கு ‘வெரி குட்’ சொன்னேன்.