காசிம் பாய்க்கு இடப்பக்கம் உட்கார்ந்தவன்

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காசிம் பாயின் மூத்த மகள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பொறவு எடுக்கோம். வந்திருங்க" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் ரிசீவரை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனி வேனை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஓட்டியவர் அவர். நான் மருந்துக்கடைகளில் ஆர்டர் எடுப்பவன். தூத்துக்குடி, மதுரை, காரைக்குடி என்று மாதத்தில் பாதி நாள் இருவரும் ரோட்டில்தான் கிடப்போம். சரக்கை இறக்கியதும் பாய் பழைய சாமான் கடைகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். தகரத்தில் செய்த, சாவி கொடுத்தால் ஓடுகிற சீமை ரயில்கள்தான் அவருக்கு வேண்டும். பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "பொம்மை இல்ல சார், மாடலு. நெசமா ஓடுத இன்ஜினை அளந்து செஞ்சிருக்கான்" என்பார்.

தூத்துக்குடியில் ஒருமுறை, நாங்கள் தேடிப்போன கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து சோடாக் கடையில் விசாரித்து, உரிமையாளரை வீட்டிலிருந்தே அழைத்து வந்துவிட்டார். "பூட்டுன கடைன்னு திரும்பக்கூடாது சார். தூசி பிடிச்ச சாமான் யார்ட்ட கெடக்குன்னு பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியும்." சாக்குக்குள்ளிருந்து கறுப்பு இன்ஜின் ஒன்று கிடைத்தது. அதை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். சட்டையில் ரத்தம். சந்தோஷத்தில் கண் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதன்பிறகு எனக்கு ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. இடப்பக்கமிருந்து டீ கிளாசை நீட்டினால் வாங்கமாட்டார். சாத்தூர் தாண்டி ஒரு நாள் ஆட்டை அடித்துவிட்டார். "எங்கிருந்து சார் வந்துச்சு?" என்றார். அந்த ஆடு எங்கிருந்தும் வரவில்லை. வெகுநேரமாக ரோட்டோரத்திலேயே நின்றிருந்தது.

ஊர் ஊராகத் தேடியவருக்குப் பெரிய கடை பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அகப்பட்டது. மடவார் வளாகத்தில், கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர் வைத்திருந்த கடை. உள் அறை மேசையில் தண்டவாளம் வட்டமாகப் போட்டிருந்தது. கடைக்காரர் சாவி கொடுத்து ரயிலை விட்டார். பாய் மேசையில் கையூன்றிக் குனிந்து நின்றார். மூன்றாவது சுற்றில் இடக்கோடி வளைவில் ரயில் கவிழ்ந்தது. இன்ஜின் மல்லாந்து கிடக்க, சக்கரங்கள் மட்டும் சுற்றின. பாய் அசையவில்லை. தனக்கு நேரே இருந்த வெறும் தண்டவாளத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்.

"செத்த நேரம் ஆகும்போல, சுத்தி வர" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேனில் ஏறியதும் கேட்டேன். சாவியைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார். "மதுரையில கண்ணு டாக்டர்ட்ட காமிச்சேன் சார். ஓரமெல்லாம் போயிருச்சு, இடப்பக்கம் சுத்தமா இல்ல, போனது திரும்பாதுன்னுட்டாரு. நேரா தெரியுது, போதும். மொதலாளிட்ட சொல்லிராதீக. ரெண்டு பிள்ளைக படிக்குதுக."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் மேல் இரக்கம் இருந்தது. அந்தப் பயணங்களும் எனக்கு வேண்டியிருந்தன. அதன்பின் வேனில் எனக்குத் தூக்கமே வந்ததில்லை. "ஆள் வருது பாய்", "மாடு பாய்" என்று இடப்பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வருவேன். அப்படி ஒரு வருடம் ஓடியது.

பிறகு ஒரு சாயங்காலம், நாலரை மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடப்பக்க மண்பாதையிலிருந்து ஒருவர் சைக்கிளில் ரோட்டுக்கு ஏறுவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தளவாய்புரத்துத் தறிக்காரர். அவரே நிற்பார் என்று நினைத்தேன். அவர் நிற்கவில்லை. வாயைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. சைக்கிள் பம்பருக்கு அடியில் போன சத்தம் கேட்ட பிறகுதான் பாய் பிரேக்கை மிதித்தார்.

ஆள் பிழைத்துக்கொண்டார். இடது காலை எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனிலும் முதலாளியிடமும் பாய் ஒரே வார்த்தைதான் சொன்னார். "என் கண்ணு கோளாறு யாருக்கும் தெரியாது. கூட வந்தவருக்கும் தெரியாது." நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று. சேர்த்த ரயில்களையெல்லாம் மடவார் வளாகத்திலேயே விற்று அந்தத் தறிக்காரர் வீட்டில் கொடுத்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறித் தளவாய்புரம் போய் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். பின்னாளில் நேரே தெரிந்த பார்வையும் மங்கிப்போய், மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். வேலையில் நான் நீடித்தேன், மேனேஜரும் ஆனேன். எத்தனையோ முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கபர்ஸ்தானுக்குத் தறிக்காரரும் வந்திருந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றியபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய் எப்பவும் சொல்லுவாரு. நீங்களும் பாவம், ஒண்ணும் தெரியாம அன்னைக்கு வண்டியில வந்து மாட்டிக்கிட்டீக" என்றார். நான் தலையை ஆட்டினேன். மண் தள்ளுகிற இடத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

காசிம் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது ரயில் இல்லை. எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்தான். அவர் இருக்கும்வரை அது எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. இனி அதை நான் ஒருவனாக வைத்திருக்க முடியாது. அவரை அறிந்தவர்கள், தறிக்காரர் உட்பட, இதைப் படிக்கட்டும். எனக்குத் தெரியும். விபத்துக்கு ஒரு வருடம் முன்பிருந்தே தெரியும். அன்று சைக்கிளையும் நான் பார்த்தேன்.