அந்த ஆறு அவையின்ரை ஆறோ?

நாகப்பட்டினத்தில் காலையில் ஏறிய கப்பல், நான்கு மணி நேரக் குமட்டலுக்குப் பிறகு, நண்பகலில் என்னைக் காங்கேசன்துறையில் இறக்கிவிட்டது. வாந்தி எடுக்கவில்லை என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சுங்க மேசையில் இருந்தவர் என் பையிலிருந்த ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் பார்த்தார்.

"படமோ? சண்டைப் படமோ?"

"இல்லைங்க. ஒரு சின்னப் பெண்ணைப் பற்றின படம்."

அவருக்கு அக்கறை போய்விட்டது. பையைத் தள்ளிவிட்டார்.

கனடாவில் ஒரு பெரிய ஆற்றங்கரையில் வாழும் மோஹாக் என்ற பூர்வகுடிகளைப் பற்றிய படம் அது. கப்பல் போகக் கால்வாய் வேண்டும் என்று அவர்களுடைய கரையை அரசு எடுத்துக்கொள்கிறது. தாய் குளித்த துறையில் தானும் ஒருநாள் குளிக்க வேண்டும் என்று அலையும் சிறுமி, கடைசியில் கம்பி வேலியைத் தாண்டி ஆற்றில் இறங்குகிறாள். அந்தப் படத்துக்குத் தமிழ் வசன வரிகள் எழுதியவள் நான். வட்டுக்கோட்டையில் திரைப்பட வட்டம் நடத்தும் ஜெயசீலன் மாஸ்டர் அழைத்ததால் வந்தேன்.

வட்டுக்கோட்டைக்கு ஓட்டோ இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் வழி நெடுகக் கேள்வி கேட்டார்.

"கனடாப் படமோ? என்ரை தமக்கை குடும்பம் இருபது வருசமா அங்கைதான். அங்கை பூர்வகுடியெண்டு ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்காங்க. அது அவங்க மண்தான்."

"அவள் ஒருநாளும் சொல்லேல்லை," என்றார்.

மாலை ஐந்து மணிக்கு மாஸ்டர் என்னை அராலிப் பக்கமாக உள்ள ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனார். முகாம் என்றதும் கூடாரங்களை நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, அரைச் சுவர், வாசலில் செம்பருத்தி. போரில் இடம்பெயர்ந்து வந்தவர்கள், காணி இன்னும் படையினரின் வேலிக்குள் இருப்பதால் திரும்பிப் போகாமல் பிள்ளை குட்டி பெற்று இங்கேயே இருக்கிறார்கள். முற்றத்தில் ஒரே பெண்கள் கூட்டம். பட்டுச் சீலை, கனகாம்பரம், தட்டுத் தட்டாகப் பயித்தம் பணியாரம். ஆண் ஒருவரையும் காணவில்லை.

"மாஸ்டர், இது என்ன கல்யாண வீடா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு தன் அறிவித்தலைக் கைப்பேசியில் காட்டினார். 'மோஹாக் சிறுமி ஒருத்தி ஆளாகும் கதை' என்று நான் எழுதி அனுப்பியிருந்தேன். ஆளாவது என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு அர்த்தம். வளர்ந்து மனுஷியாவது ஒன்று, வயதுக்கு வருவது இன்னொன்று. மாஸ்டர் பிடித்தது இரண்டாவதை. 'பெரியபிள்ளையாகும் கதை' என்று மாற்றி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். கனடாவிலிருந்து யாரோ பெண்ணின் சாமத்தியச் சடங்கு வீடியோ வந்திருக்கிறது என்று ஊர் நம்பிவிட்டது. இங்கே அந்தச் சடங்குக்கு ஆளில்லாக் கமரா பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள்; நம்பாமல் என்ன செய்வார்கள்!

"கோதாரி, இனி என்ன செய்யிறது? போடுவம்," என்றார் மாஸ்டர்.

திரைச் சீலையைக் கட்டும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் சுகந்தி.

"அக்கா, சீலையை இந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவியளோ? என்ரை மகள் தர்ஷிகா பெரியபிள்ளையாகி உள்ளை இருக்கிறாள். நாளைக்குத்தான் சடங்குத் தண்ணி வார்க்கிறது. அதுவரைக்கும் வெளியிலை விடேலாது. யன்னலாலை பாக்கட்டும்."

திருப்பிக் கட்டினோம். ஏழு மணிக்குப் படம் ஓடியது. சடங்கும் இல்லை, பாட்டும் இல்லை என்று தெரிந்ததும் கால்வாசிப் பேர் பணியாரத் தட்டோடு எழுந்து போனார்கள். மிச்சப் பேர் வேலி வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யன்னல் கம்பியில் இரண்டு கைகள் கடைசிவரை அப்படியே இருந்தன. சிறுமி ஆற்றில் முங்கி எழுந்தபோது சுகந்தி சத்தம் போட்டே அழுதாள்.

படம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"அவள் போனாளெல்லோ அக்கா? நான் ஏன் போகேலாது?"

பிறகு சொன்னாள். காங்கேசன்துறைக்குத் தெற்கே அவர்களுக்கு வீடும் கிணறும் இருந்தன. ஆறு வயதில் ஓடி வந்தவள். இங்கே கடல்நீரேரியின் பக்கம், கிணறெல்லாம் சவர், உப்புக் கரிக்கும். அவள் பெரியபிள்ளையானபோது அந்தச் சவர்த் தண்ணீரைத்தான் வார்த்தார்கள். "என்ரை பிள்ளைக்கு எங்கடை கிணத்து நல்ல தண்ணியிலைதான் வார்ப்பன் எண்டு அவள் பிறந்த அண்டைக்கே நினைச்சனான். அவளுக்கும் சொல்லிப்போட்டன். ஒரு குடம் காணும் அக்கா."

மறுநாள் காலை ஆறரைக்கு அதே ஓட்டோவில் சுகந்தி, நான், மடியில் ஒரு பித்தளைக் குடம். வாழையும் வெங்காயமும் செம்மண்ணும் வழி நெடுகப் பார்க்க அழகாய்த்தான் இருந்தன. எனக்கு ரசிக்க மனமில்லை. தார் வீதி ஒரு கம்பி வேலியில் முடிந்தது.

காவலுக்கு நின்ற படைவீரனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. தெரிந்த தமிழில் மரியாதையாகத்தான் பேசினான்.

"அம்மா, உள்ள போக ஏலாது."

"நான் வரேல்லைத் தம்பி. இந்தக் குடத்தை மட்டும் கொண்டுபோய் நிரப்பித் தாங்கோ. ரெண்டு பனைக்கு நடுவிலை கிணறு. உங்களுக்குத் தெரியும்."

அவன் குடத்தைப் பார்த்தான். "அங்க கிணறு இல்ல அம்மா. மண் போட்டு மூடினது. பனையும் இல்ல."

"வேறை கிணறா இருக்கும் தம்பி. வடிவாப் பாருங்கோ."

"கிணறு இல்ல அம்மா."

அவன் உண்மையைத்தான் சொன்னானா, எங்களைத் திருப்பி அனுப்புவதற்காகச் சொன்னானா, தெரியவில்லை. தெரிந்து மட்டும் என்ன? சுகந்தி அழவில்லை. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

சண்டிலிப்பாய் வந்ததும் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, படத்திலை அவள் குளிச்ச ஆறு, அது அவையின்ரை ஆறோ?"

பொய் சொல்லியிருக்கலாம். இயக்குநர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்: சொந்தக் கரையில் படமெடுக்க அனுமதி கிடைக்கவில்லை, நூறு மைல் தள்ளி வேறொரு ஆற்றில் எடுத்தோம் என்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லைம்மா. அது வேற ஆறு."

"ஓம்," என்றாள். "நான் நினைச்சனான்."

முகாமுக்குக் கொஞ்சம் முன்பாக, வீதியோரக் கிணற்றடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். வாளியால் அள்ளிக் குடத்தை நிரப்பினாள். கை கழுவுவதுபோல் நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். சுத்தச் சவர்.

"நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது," என்றாள்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் வார்த்தார்கள். தர்ஷிகாவை அப்போதுதான் நேரில் பார்த்தேன். பதின்மூன்று வயது, ஒல்லி, பெரிய கண். பலகையில் இருத்தி, தர்ஷிகாவின் மாமி பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து, குடத்தைத் தூக்கினாள். "எங்கடை கிணத்துத் தண்ணி பிள்ளை," என்றாள் சுகந்தி, எல்லாருக்கும் கேட்க. வயதான பெண்கள் இருவர் கண்ணைத் துடைத்தார்கள்.

தண்ணீர் தலையிலிருந்து முகத்தில் வழிந்தது. பிள்ளை உதட்டை நக்கினாள். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர் நாக்குக்குத் தெரியாதா? நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இனிக்குது அம்மா," என்றாள் தர்ஷிகா. "நல்ல தண்ணி."

சுகந்தி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மாமி மிச்சத் தண்ணீரை வார்த்து முடித்தாள்.

அடுத்த நாள் மதியம் எனக்குக் கப்பல். வழியனுப்ப வந்த மாஸ்டர், "என்ரை பிழையாலை வீண் அலைச்சல். இனி வளர்ந்து மனுஷியாகிற கதை எண்டே போடுறன்," என்றார். அவருக்குக் கிணற்றடியில் நடந்தது தெரியாது. பெரியபிள்ளையாகும் கதை என்றே இருக்கட்டும், மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஏறினேன். கரை மறையும்வரை அந்த வேலி இருக்கும் திசையைத் தேடினேன். கடலிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீரும் உப்புத்தான். அதைத் திட்டாத நாள் எனக்கு இல்லை. வாய்விட்டு, ஊர் கேட்கத் திட்டுவேன். அன்று ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, நல்ல தண்ணி என்று சொல்லப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.