செவலைக்குக் காட்டிய வெளிச்சம்

ஆளுயரக் கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு திங்கள்சந்தைத் தெருவில் நடக்கும்போது வைகுண்டராஜன் அதன் முகத்தைத் தன் விலாப்பக்கம் திருப்பித்தான் பிடிப்பார். ஏற்கெனவே அதில் இரண்டு சாக்கு சுற்றியிருக்கும். அதற்கும் மேலே ஒரு பழைய வேட்டி. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிற கண்ணாடியை ஊர் பார்க்க வேண்டாமா? சாக்கை அவிழ்த்துவிட்டுக் கொண்டுவரச் சொல்வார்கள். "வீட்டுக்குள்ள கொண்டு வச்ச பெறவு ஆசை தீரப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுவார். ஒரு முனைகூட வெயிலில் தெரியாதபடி சாக்கின் ஓரத்தை விரலால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே போவார்.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான, நெடிய உடம்பு. நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் ஒற்றை நாமம். பத்து விரல்களிலும் ஆறிய வெட்டுக்காயங்கள் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். சந்தைக்கு மேற்கே திரும்புகிற முடுக்கில் இருக்கிறது அவருடைய கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ, இறந்தவர்களின் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவார். சுதந்திரம் கிடைத்த வருடம் தலைவர்களின் படங்களுக்குச் சட்டம் போட்டுப் போட்டு ஒரு மாதம் உறங்க நேரமில்லாமல் இருந்ததாகச் சொல்வார். அதிகம் பேசுகிறவர் அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமுன் தொண்டையை ஒருமுறை செருமிக்கொள்வார். பாதிக் கேள்விகளுக்கு அந்தச் செருமல்தான் பதில்.

கடை மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கெல்லாம் முன்பக்கம் ஓலைத்தட்டியை இறக்கிக் கட்டிவிடுவார். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் உள்ளே இருட்டில் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டிலும் இதே முறைதான். அடுக்களைக் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி ஓட்டைப் பிரித்துவிட்டு மண் ஓடு வைத்திருக்கிறார். சைக்கிள் மணியின் மேல் ஒரு துண்டுத் துணி. அவர் மனைவி செல்லத்தாய், தேய்த்த பித்தளைக் குடத்தைப் புறவாசல் வெயிலில் கவிழ்த்து வைப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் இதையெல்லாம் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் கடைக்குள் பலகைக்கு அடியில் படுத்திருக்கிறது. அதன் பெயர் செவலை.

ஆறு வருடங்களுக்கு முன்பு திற்பரப்பில் ஒரு பங்களாவுக்கு ஜன்னல் கண்ணாடி போடப் போன இடத்தில், அருவிக்குப் போகிற வழியில் நனைந்துகொண்டு கிடந்த குட்டி அது. மரப்பொடி நிரப்பிக் கண்ணாடி கொண்டுபோயிருந்த பெட்டி காலியாக இருந்தது. அதில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் ஒரு வருடம் மற்ற நாய்களைப் போலத்தான் இருந்தது: கோழியை விரட்டியது, அடி வாங்கியது, செல்லத்தாய் போடும் மீன் தலைக்காக அடுக்களை வாசலில் காத்துக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் கண்ணாடித் துண்டு ஒன்றின் ஓரத்தை அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஜவுளிக்கடையின் வெள்ளைச் சுவரில் கையகல வெளிச்சம் விழுந்தது. செவலை பாய்ந்து அதன் மேல் மோதியது. அவர் கையை அசைத்தார், வெளிச்சம் ஓடியது, நாயும் ஓடியது. வைகுண்டராஜன் சிரித்துவிட்டார். அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அதற்கு முன் கேட்டதில்லை என்று பக்கத்து டீக்கடை ஞானையன் இன்றும் சொல்கிறார்.

பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. நாலு மணி வெயில் கடைக்குள் சாய்ந்ததும் உள்ளங்கையளவு ரசக்கண்ணாடித் துண்டு ஒன்றை எடுப்பார். சுவரில், தரையில், வண்டிச் சக்கரத்தில், ஓட்டின் விளிம்பில் என்று வெளிச்சம் தாவும். நாய் எம்பி எம்பிக் குதிக்கும். டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே பார்த்து நிற்பார்கள். தக்கலையிலிருந்து வருகிற வண்டிக்காரர்கள்கூட நேரம் பார்த்து வந்தார்கள். பேச்சு வராத மனிதருக்கு நாலு பேர் மத்தியில் நிற்க அது ஒரு வழியாக இருந்தது.

செல்லத்தாய்தான் முதலில் எதையோ கண்டாள். நாய் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. தென்னங்கீற்றின் நிழல் ஆடினால் தரையைப் பிறாண்டியது. மீன் தலையைப் போட்டால் முகர்ந்துவிட்டு விலகிப் போனது. ஒருநாள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, அம்புட்டு ஓட்டம் ஓடுனதுக்கு அதுக்கு வாயில ஒண்ணாவது கிட்டணும்லா? எலிய வெரட்டினா எலி கிட்டும். பந்த எறிஞ்சா பந்து கிட்டும். நீங்க காட்டுதது வாயில கிட்டுத சாதனமா?"

அவர் செருமிக்கொண்டார். மறுநாள் காலையில் ஜவுளிக்கடைச் சுவரைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் வரிசையாகச் செம்பழுப்புக் கறைகள் இருந்தன. யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்று பல நாளாக நினைத்திருந்தவை. செவலையை இழுத்து அதன் மூக்கைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்து, மேலே பொருக்குத் தட்டி, பொருக்கும் உடைந்திருந்தது. கறை எதனுடையது என்று விளங்கிவிட்டது.

கண்ணாடித் துண்டை எடுத்து மேசைக்குள் போட்டுப் பூட்டினார். ஒன்பது நாள் தொடவில்லை. நாய் மட்டும் நாலு மணிக்குச் சரியாக வந்து அவர் கையைப் பார்த்தபடி உட்கார்ந்து நடுங்கியது. பத்தாம் நாள், நாகர்கோவிலிலிருந்து கண்ணாடிச் சரக்கு கொண்டுவருகிற ஏஜெண்ட் வந்தார். இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்; ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். வைகுண்டராஜன் மேசையைத் திறந்தார். இதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. மூக்குப் புண்ணைப் பார்த்த பிறகும் மேசையைத் திறந்தேன் என்று அவரே சொல்வார்.

அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சந்தை.

ராகேல் அக்கா மரச்சீனிக் கிழங்கு விற்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கணவனை இழந்தவர். திங்கள்தோறும் கண்ணாடிக் கடைக்கு நேரே சாக்கு விரித்து உட்காருவார். அவருடைய தராசுத் தட்டு பித்தளை. அன்று காலை கிழங்கை அள்ளிப் போட்டுத் தராசைத் தூக்கியபோது தட்டு ஆடியது. அதிலிருந்து தெறித்த வெளிச்சம் அவருடைய இடது முழங்கையில் விழுந்து துள்ளியது. பலகைக்கு அடியில் இருந்த செவலை ஒரே பாய்ச்சலாக வந்து அந்த வெளிச்சத்தைக் கவ்வியது. கவ்வியது கையை.

கடித்த நாய் ஓடிவிட்டிருந்தால் வேறு மாதிரி போயிருக்கும். அது ஓடவில்லை. வெளிச்சம் எங்கே போயிற்று என்று தரையைச் சுற்றிச் சுற்றித் தேடியது, வெறும் காற்றைக் கவ்வியது, வாயில் நுரை. "பேப்பட்டி" என்று யாரோ கத்தினார்கள். வெறிநாய் என்றால் சந்தையில் கேட்க வேண்டுமா? காவடிக் கம்பு, விறகு, கல் என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீக்கடை ஞானையன் கையிலும் ஒரு விறகுக்கட்டை இருந்தது. வைகுண்டராஜன் நாயின் மேல் குனிந்து அதைக் கைகளுக்குள் அடக்கிக்கொண்டார். முதல் அடி அவர் முதுகில் விழுந்தது.

"அடிக்காதீங்க. இதுக்குப் பேயில்ல. வெளிச்சத்தக் காட்டி ஓட விட்டு ஓட விட்டு நான் கெடுத்ததாக்கும்."

யாரும் நம்பவில்லை. வளர்த்தவன் அப்படித்தான் சொல்வான் என்றார்கள். அப்போது ராகேல் அக்கா முழங்கையை முந்தானையால் அமுக்கிப் பிடித்தபடி எழுந்து வந்தார். முன்பு சில வருடங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர் அவர்.

"கடி வாங்குனது நானாக்கும்," என்றார். "இத இப்பம் கொன்னு போட்டா, இதுக்கு என்ன தீனம்னு பெறவு யாருட்ட போயிக் கேக்க? பத்து நாளு கெட்டிப் போடுங்க. செத்தா பேப்பட்டி. சாகல்லண்ணா இல்ல."

கூட்டம் கம்பைத் தாழ்த்தியது. இரக்கப்பட்டுச் சொன்ன வார்த்தை அல்ல அது. அவர் குரலில் இரக்கம் இல்லவும் இல்லை.

நாயைக் கடையின் பின்புற இருட்டறையில் கட்டினார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர், நாய் எப்படியாவது இருக்கட்டும், ஊசியைத் தள்ளிப்போட முடியாது என்றார். வயிற்றில் பதினாலு நாள், பதினாலு ஊசி. வைகுண்டராஜன் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் ராகேல் அக்காவுடன் பஸ்ஸில் போனார். வரவேண்டாம் என்று அவர் சொன்னார், இவர் கேட்கவில்லை. போகும்போது அக்கா ஜன்னலோரம், இவர் பின் இருக்கையில். திரும்பும்போது அக்கா நிமிர முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்; இவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நடப்பார். காலையில் கிளம்புமுன் இருட்டறைக் கதவைத் திறந்து, நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸில் ஏறியதும், "குடிச்சு" என்பார். அக்கா தலையை அசைப்பார்.

ஐந்தாம் நாள் பஸ் வில்லுக்குறி தாண்டும்போது அக்கா திரும்பிக் கேட்டார்: "எதுக்குத் தம்பி அப்பிடி ஒரு விளையாட்டு?"

அவர் செருமினார். ஆனால் இந்தக் கேள்விக்கு அது போதாது என்று அவருக்கே தெரிந்தது. "சிரிப்பு வந்து அக்கா. அதாக்கும்."

"அதுக்கும் சிரிப்பு வந்துண்ணு நெனச்சியா?"

மீதி ஒன்பது நாளும் வைகுண்டராஜன் அதையேதான் நினைத்துக்கொண்டு போய்வந்தார்.

பத்து நாள் கழிந்தது. செவலை சாகவில்லை. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, வெறி இல்லை என்று ஊருக்குக் கேட்கச் சொன்னார். ராகேல் அக்காவுக்கும் ஒன்றும் வரவில்லை. முழங்கையில் நாலு பல் தடம் மட்டும் நின்றுவிட்டது. அவர் சந்தையின் மறுகோடிக்கு, கிணற்றடிக்கு, இடம் மாறிக்கொண்டார். வைகுண்டராஜன் திங்கள்தோறும் அங்கே போய் அவரிடம்தான் கிழங்கு வாங்குகிறார். அவர் பொறுக்கிப் போட்டுத் தருவதில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதைத்தான் இவருக்கும் கொடுக்கிறார்.

ரசக்கண்ணாடித் துண்டை அவர் கல்லால் நுணுக்கிக் குழியில் போட்டு மூடினார். நாய்க்குள் போனதை அப்படி மூட முடியவில்லை. இருட்டறையில் பத்து நாளும் அமைதியாகக் கிடந்த செவலை, வெளியே வெயிலைக் கண்டதும் பழையபடி தேடத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் தட்டியும் மண் ஓடும் சாக்கும் துணியும் வந்தன. ஊரோரத்தில் அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிடும் நிழல்தாங்கலில், சிலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற கண்ணாடியை அவர்தான் முன்பு பொருத்திக் கொடுத்தது. தன் முகத்தையே பார்த்துக் கும்பிட வேண்டிய இடம். வெகுநாள் வரைக்கும் அவர் கண்ணாடியைப் பார்க்காமல் அதன் கீழ்ச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார் என்று செல்லத்தாய் சொல்கிறாள்.

இப்போது யாராவது நாய்க்குட்டியோடு தெருவில் போனால் அவராகவே கூப்பிட்டுப் பேசுகிறார். அவர் தானாக வாய் திறக்கிற ஒரே சமயம் அதுதான். பள்ளிக்கூட வாத்தியார் ஞானசிங், கொழும்பிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த டார்ச் லைட்டை அடித்துத் தன் குட்டியை முற்றத்தில் ஓட விடுவதாகக் கேள்விப்பட்டு, கடையை விட்டு அவர் வீட்டுக்கே போனார். கயிற்றுத் துண்டுகளை முடிந்து செய்த பந்து ஒன்றைக் கையில் கொண்டுபோயிருந்தார். "சாரே, இத எறிஞ்சு குடுங்க. ஓடிப் பிடிச்சு கடிக்கட்டும். வெளிச்சம் மட்டும் காட்டாதீங்க, அதுல கடிக்க ஒண்ணும் கெடையாது" என்றார். வாத்தியார் சிரித்தார், பந்தை வாங்கி வைத்துக்கொண்டார். டார்ச்சை விட்டாரா என்று தெரியவில்லை. வைகுண்டராஜன் இதுவரை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

மழைக்காலம்தான் செவலைக்கு நல்ல காலம். வானம் மூடிக் கிடந்தால் அது மற்ற நாய்களைப் போலத் தின்னும், உறங்கும், பூனையைப் பார்த்துக் குரைக்கும். போன ஆனி மாதத்தில் அப்படி ஒரு பகல். காலையிலிருந்து மழை. தட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தது. ஒரு வீட்டு அலமாரிக்கு வேண்டிய பெரிய கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, கண்ணாடி அறுக்கும் வைரமுனைப் பேனாவால் வைகுண்டராஜன் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டிய கோடு. நடுவில் நிறுத்தினால் அவ்வளவு பெரிய கண்ணாடியும் வீண்தான். அலமாரிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பாதி தூரம் போயிருக்கும்போது மழை விட்டுப் பளீரென்று வெயில் அடித்தது. தெருவில் தேங்கிய தண்ணீரிலிருந்து கிளம்பிய வெளிச்சம் கடையின் உத்தரத்தில் நெளியத் தொடங்கியது. பலகைக்கு அடியில் காது இரண்டும் நிமிர்ந்தன.

அவர் பேனாவை வைத்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் இழுத்து, அதன் இரண்டு கண்களையும் இரண்டு உள்ளங்கைகளால் பொத்தினார். அலமாரிக்காரர் கண்ணாடியைக் காட்டி ஏதோ கேட்டார். வைகுண்டராஜன் நிமிர்ந்து, மேற்கே மேகம் ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, விரல்களுக்கு நடுவே வெளிச்சம் புகாதபடி இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டார்.