பண்ணைக் கறியும் பால் டீயும்

நியூஜெர்சி எடிசனில் ஷம்சாத்தைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. வீட்டின் கீழ்த்தளத்தில் டேகேர் நடத்துகிறவள். காலையில் கார்கள் வரிசைகட்டி வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். இறக்கிவிட்டவர்கள் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் இங்கே ஒருத்திக்கு ஜடை பின்னி, ஒருவனுக்கு மூக்கைச் சிந்தி, இன்னொருவனின் அழுகையை நிறுத்தி முடித்திருப்பாள். சைவப் பிள்ளைகளுக்கு அவள் வீட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அந்தக் கரண்டியைத் தப்பித் தவறி யாராவது தொட்டுவிட்டால் வீடு இரண்டாகிவிடும். சென்னையிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் மாமிகள்கூட ஒரு முறை அந்தச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பிள்ளையை விட்டுப் போவார்கள். கீழக்கரைப் பெண் என்றால் சும்மாவா என்று அவளுக்கே தன்மேல் ஒரு கர்வம் உண்டு. அதில் தப்பும் இல்லை.

அப்படிப்பட்டவள் வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் முகம் வாடி வீடு திரும்புவாள். அது பள்ளிவாசலில் ரத்ததானம் நடக்கும் நாள்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. மகன் பாசில் பிறந்தது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து அக்டோபரில். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த மறுமாதம், ஊரெல்லாம் பயத்தில் உறைந்து கிடந்த நேரம். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழையவே ஷம்சாத் தயங்கினாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, தலைக்குமேல் ஒரு பையைத் தொங்கவிட்டு யாரோ ஒருவரின் ரத்தத்தை அவள் கைக்குள் இறக்கினார்கள். பிறகு இன்னொரு பை. விழித்தபோது நர்ஸ் அவள் நெற்றியைத் தடவிவிட்டு, "யூ ஆர் ஓகே, ஹனி" என்றாள். ரத்தம் கொடுத்தது யார் என்று ஷம்சாத் கேட்டாள். அது யாருக்கும் தெரியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

அந்தப் பதில் அவள் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. யார் என்று தெரிந்தால் நேரில் போய் ஒரு சட்டி பிரியாணி கொடுத்து நன்றி சொல்லலாம். தெரியாதவருக்கு என்ன செய்வது? தானும் ஒரு முறையாவது தெரியாத யாருக்காவது கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்துவிட்டால் போதுமா? முதல் வருஷம் விரல் நுனியில் குத்தி, ஒரு துளியை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் குறைவு என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் பிள்ளையோடு தனியாக ஊருக்குப் போய் வந்திருந்தாள். மலேரியா உள்ள இடத்துக்குப் போனவர்கள் ஒரு வருஷம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் மறுபடியும் ஹீமோகுளோபின். அவள் கணவன் நூர் அகமது மட்டும் வருஷம் தவறாமல் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை இறக்காமலே, ஒட்டிய பிளாஸ்திரி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வளைய வருவான்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உன் பேருலயும் சேத்து நான்தானே குடுக்குறேன்" என்பான்.

"என் உடம்புல ஏறினத என் உடம்புதான் குடுக்கணும் மச்சான். உங்க ரத்தம் உங்க கணக்கு" என்பாள் அவள்.

நூர் அகமது நல்ல மனுஷன். பிஸ்கேடவேயில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவன். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. எதை வாங்கினாலும் விலை கூடியதுதான் உசத்தி என்று நினைப்பான். செருப்பிலிருந்து செல்போன் வரை அப்படித்தான். ரத்ததான முகாமில் கொடுத்த துண்டுக் காகிதத்தில், இரும்புச் சத்துக்கு மாட்டிறைச்சி நல்லது என்று போட்டிருந்ததைப் படித்தவன், அன்று இரவே இன்டர்நெட்டில் இறங்கிவிட்டான். காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தவளின் முன்னால் வந்து நின்று அறிவித்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன். நாம சாப்பிடுறது சோளம் தின்ன மாடு. அதுல ஒண்ணும் கிடையாது. கிராஸ் ஃபெட் பீஃப் சாப்பிடணும், புல்லு மட்டும் மேஞ்ச மாடு. பென்சில்வேனியால ஒரு ஃபார்ம் இருக்கு. நாமளே போய் அறுத்துக்கலாம், ஹலால் பிரச்சினையே இல்ல."

"விலை?"

"ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. அப்பவே தெரியலையா, அதுல எவ்வளவு சத்து இருக்கும்னு!"

அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை நூர் அகமது டிரங்கில் ஐஸ்பெட்டியை ஏற்றிக்கொண்டு பென்சில்வேனியாவுக்குப் போனான். வந்ததும் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானை விரிப்பது போலக் கறியை மேடையில் விரித்து, கொழுப்பு எப்படி மஞ்சளாக இருக்கிறது பார் என்று காட்டுவான். ஷம்சாத் முதல் தடவை வழக்கம்போல் குக்கரில் வைத்து, வழக்கமான விசில் விட்டு இறக்கினாள். கொழுப்பில்லாத கறி, நார் நாராகிக் கயிறு போல வந்து நின்றது. பாசில் ஒரு துண்டை மென்று பார்த்துவிட்டு, "உம்மா, இட்ஸ் நாட் எண்டிங்" என்றான். நூர் அகமது மட்டும் தாடை வலிக்க மென்றுகொண்டே, "இதான் ஒரிஜினல் டேஸ்ட்" என்றான். பிறகு அவளே பக்குவம் பிடித்துக்கொண்டாள். விசிலைக் குறைத்து, தயிரில் ஊறவைத்து, சிறுதீயில் வேகவைத்தபோது கறி உண்மையிலேயே ருசித்தது. அதை அவள் மறுக்கவில்லை. நூர் அகமது ஜும்ஆ தொழுகை முடிந்து வாசலில் நின்று பேசிப் பேசியே மூன்று குடும்பங்களைப் பண்ணைக் கறிக்கு மாற்றிவிட்டான்.

ஒரு வருஷம் அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முகாமுக்குப் போனாள். மெஷின் மறுபடியும் உதட்டைப் பிதுக்கியது. காரில் வரும்போது ஷம்சாத் வாய்விட்டு அழுதேவிட்டாள். நூர் அகமது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் சேத்து வாங்குறேன்" என்றான். வேறென்ன சொல்வான், பாவம்.

அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஏழில், நூர் அகமதின் தம்பிக்குக் கீழக்கரையில் கல்யாணம். ஷம்சாத் போகவில்லை. போனால் மலேரியா விதி வந்து நிற்கும், அந்த வருஷமும் கொடுக்க முடியாது. மச்சினன் கல்யாணத்துக்கு வராத மருமகள் என்று மாமி போனில் குறைப்பட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். "நீங்களும் யோசிச்சிக்கங்க மச்சான்" என்று சொல்லிப் பார்த்தாள். "பத்து நாள்தானே, அதெல்லாம் கணக்குல வராது" என்று பறந்துவிட்டான்.

அவன் திரும்பி வந்து சில வாரம் கழித்து ஒரு மதியம். பிள்ளைகள் தூங்கும் நேரம். ஷம்சாத் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் தட்டும் பக்கத்தில் டீ கப்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சோறும் கறியும், ஒரு மடக்கு டீ. டேகேர் ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சாப்பாடு அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஒரு தடவை, டீக்கு ஒரு தடவை என்று உட்கார அவளுக்கு எங்கே நேரம்? அந்த நேரம் பார்த்து, மகள் ரக்ஷாவைச் சீக்கிரம் கூட்டிப் போக அனந்தலக்ஷ்மி வந்தாள். ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருக்கிறவள். முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண். இத்தனை நாள் அவளிடம் கேட்கத் தோன்றாததற்கும் அதுதான் காரணம். மாட்டுக்கறியைப் பற்றி அவளிடம் எப்படிப் பேச்செடுப்பது?

அன்று என்னவோ ஷம்சாத் கேட்டுவிட்டாள். "அனந்தி, தப்பா நினைச்சிக்காதீங்க. கிராஸ் ஃபெட் பீஃப்ல அயர்ன் ஜாஸ்தியா?"

அனந்தலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "இதுல என்னக்கா தப்பு? நான் இத வாயில வச்சதில்ல. ஆனா இதுல என்ன இருக்குன்னு எக்ஸாம் எழுதிப் பாஸ் பண்ணிருக்கேன்."

"அப்ப சொல்லுங்க."

"கிராஸ் ஃபெட்ல கொழுப்பு கம்மி. ஒமேகா த்ரீ கொஞ்சம் ஜாஸ்தி. கொஞ்சம்தான், நீங்க வாரா வாரம் சாப்பிடற மீன் முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. புரோட்டீன், அயர்ன் எல்லாம் ரெண்டுலயும் ஏறக்கொறைய ஒண்ணுதான். மாடு வெளில மேஞ்சு நன்னா இருக்கணும்னு வாங்கினா, அது நல்ல காரணம். டேஸ்டுக்காக வாங்கினாலும் சரி. உங்க ஹீமோகுளோபினுக்காக டபுள் ரேட் குடுக்கறதா இருந்தா, வேண்டாம்க்கா."

ஷம்சாத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பென்சில்வேனியாவுக்கும் எடிசனுக்கும் இடையே எத்தனை சனிக்கிழமைகள் போயிருக்கின்றன! அனந்தலக்ஷ்மியின் கண் அதற்குள் டீ கப்பின்மேல் விழுந்துவிட்டது.

"அக்கா, டீய எப்பவும் சாப்பாட்டோடதான் குடிப்பீங்களா?"

"டேகேர் ஆரம்பிச்சதுலேருந்து இப்படித்தான். நல்லா பாலு ஊத்தி, ஸ்ட்ராங்கா."

"அயர்ன் மாத்திரை?"

"அதையும் இதுலதான் முழுங்குவேன். மறக்காம இருக்கும்ல."

அனந்தலக்ஷ்மி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "போச்சு போங்க! டீ அயர்ன உடம்புல சேர விடாது. பாலும் அதே வேலையத்தான் பண்ணும். நீங்க ஒரு கையால குடுக்கறீங்க, இன்னொரு கையால புடுங்கிக்கறீங்க. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்க. சாப்பாட்டுல எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோங்க. மாத்திரைய எப்படிப் போடறதுன்னு டாக்டர்ட்ட ஒரு தடவ கேட்டுடுங்க."

ஷம்சாத் கப்பைப் பார்த்தாள். பாதி டீ மிச்சம் இருந்தது. எழுந்து போய் அதை அப்படியே சிங்க்கில் கொட்டினாள். அவள் டீயைக் கொட்டியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

விஷயத்தைக் கேட்டதும் நூர் அகமதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வெஜிடேரியன் வந்து பீஃப பத்திச் சொல்லுறாங்க, நீயும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"அவங்க பீஃப படிச்சிருக்காங்க மச்சான். நீங்க விலைய மட்டும்தானே படிச்சீங்க?"

அவன் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். அவன் பேச்சை நம்பி மூன்று குடும்பங்கள் பென்சில்வேனியாவுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை வேறு. சனிக்கிழமை வந்தது. ஐஸ்பெட்டியை எடுக்காமல் ஓக் ட்ரீ ரோடு வரைக்கும் போய், எப்போதும் வாங்கும் கடையில் சாதாரணக் கறியும் ஒரு பை எலுமிச்சம்பழமும், அதோடு புதிதாக ஒரு ஃப்ளாஸ்க்கும் வாங்கிக்கொண்டு வந்து மேடைமேல் வைத்தான். தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு நூர் அகமதுக்குத் தெரிந்த வழி அதுதான். அன்றிலிருந்து டீக்கு அவன் காவல்காரன். வீட்டிலிருக்கும் நாட்களில் அவனே டீ போட்டு, ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, அவள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகும்வரை தரமாட்டான்.

நோன்பு மாதம்தான் சோதனை. விடியுமுன் சஹரில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் பாங்கு சொல்லிவிடுவார்கள். ஆகவே மாதம் முழுக்க சஹர் டீயே இல்லை. பகலெல்லாம் தலை விண்விண் என்று தெறிக்க, பத்துப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஷம்சாத் அசராமல் நின்றாள். ஒரு நாளாவது ஒரு மடக்குக் குடித்திருப்பாளா என்றால், இல்லை. வைராக்கியம் என்றால் அது.

நவம்பரில் முகாம். நூர் அகமது வழக்கம்போல் முதல் ஆளாக உள்ளே போனான். ஷம்சாத் அடுத்த தடுப்புக்குள் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குத்தினார்கள். மெஷினைப் பார்த்த பெண் நிமிர்ந்து, "தர்ட்டீன். யூ ஆர் குட்" என்றாள். ஷம்சாத்துக்கு அது புரியவே சற்று நேரம் பிடித்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கட்டிலில் படுத்து, குழாயில் இறங்கும் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் இல்லை. பெருமையாக இருந்தது. தன் உடம்பை நினைத்து அவள் இத்தனை பெருமைப்பட்டது பாசில் பிறந்த அன்றைக்குப் பிறகு இன்றுதான். இந்தப் பை யாருக்குப் போகும்? முக்காட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவளுக்கும் போகலாம். போகட்டும். கண் இருட்டிக்கொண்டு வரும் ஒருத்தி விழித்துக்கொண்டால் அது போதும். அவளும் யார் கொடுத்தது என்று கேட்பாள். அவளுக்கும் தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

வெளியே வந்தபோது நூர் அகமது நாற்காலியில் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைக் கை இறங்கியே இருந்தது. பிளாஸ்திரி இல்லை. பக்கத்தில் பாசில் இலவச பிஸ்கட்டைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"என்ன மச்சான், குடுக்கலையா?"

"பத்து நாளும் கணக்குல வருமாம். ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகுதான் அவள் முழங்கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்!" என்று அவன் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷம்சாத் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிக்காதீங்க" என்றாள். "உங்க பேருலயும் சேத்து நான்தானே குடுத்திருக்கேன்."