ரப்பர் அறை வாசலில் சிலிப்பர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் எதிரெதிர் அறைகளில் இருந்தன. ஒன்று பாலிமர் குழு. கையுறை அச்சுகளை ரப்பர் பாலில் முக்கிக் காயவைத்து, உரித்து, இழுத்துப் பார்ப்பார்கள். அங்கே பாத்திரம் கழுவுவதும் தரை துடைப்பதும் என் வேலை. எதிரே, புதிதாக வந்த நானோ குழு. அங்கே அதே வேலையைச் செய்தவன் என்னைவிட இளையவன். புக்கிட் மெர்தாஜாம் என்ற ஊரிலிருந்து வருவான். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்துத் தேறியவன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்.

அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எங்கள் அறையில் அமோனியா மூக்கைத் துளைக்கும். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவன் அறையில் குளுகுளுவென்று ஏர்கோன் ஓடும், ஒரு வாடையும் இருக்காது. வீட்டுக்குப் போகும்போதும் அவன் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும்.

"உள்ள என்னதான் தம்பி செய்யறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணுக்கே தெரியாத தூள்ணே. அவ்வளவு சின்னது லா."

கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கா இத்தனை மரியாதை என்று அன்று இரவு சோறு இறங்கவில்லை.

பிறகு மதிப்பீடு வந்தது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்து இரு குழுக்களையும் பார்ப்பார்கள். நல்ல பெயர் வாங்கும் குழுவுக்கு இரண்டு அறைகளும் கிடைக்கும். மற்றது மாடியில் ஒரு சின்ன அறைக்குப் போகும். அங்கே என்னைப் போல ஓர் ஆள் தேவைப்படாது. எங்கள் பேராசிரியர் சீனர். இதை மலாயில் என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதிப்பீட்டுக்கு முதல்நாள் நானோ அறை வாசலில் புது வெள்ளைச் சிலிப்பர்கள் வரிசையாக இருந்தன. தூசு உள்ளே போகக்கூடாதாம். சப்பாத்தைக் கழற்றி அதைப் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். கோயிலுக்குள் போவதுபோல் எல்லாரும் குனிந்து கழற்றினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்ததும் பாசார் கடைகளுக்குப் போய் அதேபோல் வெள்ளைச் சிலிப்பர்கள் வாங்கினேன். காலையில் எங்கள் வாசலில் அடுக்கினேன்.

அவன் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, ரப்பர் ரூமுக்கும் தூசு ஆகாதா?"

"எங்களுக்கும் மரியாதை உண்டு லா," என்றேன்.

மூவரும் முதலில் நானோ அறைக்குப் போனார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒருவர் அவனிடம் ஏதோ கேட்டார். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷத்தில் என் கையை அந்தக் கட்டடத்தில் யாரும் குலுக்கியதில்லை.

பிறகு எங்கள் வாசலுக்கு வந்து, என் சிலிப்பர்களை மாட்டிக்கொண்டு நுழைந்தார்கள். தரையை விடியற்காலையிலேயே துடைத்திருந்தேன். ஆனால் மாணவர்கள் கடைசி நேரத்தில் இன்னொரு தடவை அச்சுகளை முக்கியிருந்தார்கள். சொட்டிய பால் பாதி காய்ந்து பிசினாகக் கிடந்தது. மூவரில் ஓர் அம்மாள் காலெடுத்து வைத்தார். சிலிப்பர் தரையிலேயே நின்றது, வெறுங்கால் மட்டும் முன்னால் போனது. குனிந்து இழுத்தார். வெள்ளை நூலாக நீண்டது. மாணவர்கள் உதட்டைக் கடித்தார்கள். சப்பாத்தோடு நுழைந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

"இதை யார் வைத்தது?" என்று அந்த அம்மாள் மலாயில் கேட்டார். பேராசிரியர் என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். என்னைப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கியவன்தான். இப்போது அலமாரிக்குப் பின்னால் ஒளியத் தோன்றியது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஒற்றைக்காலில் நின்று பேராசிரியரிடம் கேள்விகள் கேட்டார். கோபம் எதுவும் தெரியவில்லை.

நானோ குழுவுக்குத்தான் நல்ல பெயர். சிலிப்பரால் அல்ல, அவர்கள் வேலை புதுசு என்பதால் என்றார் பேராசிரியர். நான் நம்பினேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

வேலை போகவில்லை. இரண்டு அறைகளுக்கும் சேர்த்து அவனுக்குத் துணையாக என்னை அங்கேயே போட்டார்கள். முதல்நாள் போனபோது, நானோ அறை வாசலில் அவனுடைய சிலிப்பர்களோடு நான் வாங்கியவையும் வரிசையில் இருந்தன.

"உங்களதுதாண்ணே. வீணாப் போகக்கூடாதுன்னு கழுவி வச்சேன். போட்டுக்குங்க."

ஒன்றின் அடியில் ரப்பர் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவினால் அது போகாது. அதையே மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஏர்கோன் காற்று சுகமாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து அவன்மேல் எரிச்சல் வந்தது.